கோணேசருக்கு அரைமணி நேரம்

கனடாவிலிருந்து மைத்துனன் ஒருவன் தொலைபேசியில் அழைத்தான். யூலை மாதத்தில் குடும்பத்துடன் இலங்கைக்கு வருகின்றானாம். பயணத் திட்டத்தை வாசித்துக் காட்டினான். காலையில் தம்புள்ளை, நண்பகலில் திருக்கோணேஸ்வரம், பிற்பகலில் நிலாவெளிக் கடற்கரை, இரவு அங்கேயே தங்கல். "கோயிலுக்கு அரைமணி நேரம் போதும் தானே அத்தான்?" என்று கேட்டான்.

போதாது என்றேன். ஏன் போதாது என்பதைத் தொலைபேசியில் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. இத்தகைய திட்டத்துடன் வருகின்றவன் அவன் ஒருவன் மட்டுமல்லன் என்பதால் இங்கே எழுதுகின்றேன்.

முதலில் நடைமுறைச் சங்கதி. தம்புள்ளையைப் பார்த்துவிட்டு ஹபரணை, கந்தளாய் வழியாகத் திருகோணமலையை அடையும் வேளையில் உச்சிவெயில் கொளுத்தும். யூலை மாதம் கச்சான் காற்று வீசும் காலம். சுவாமிமலையின் பாறைத்தளத்தில் அந்நேரம் வெறுங்காலுடன் நடக்க முயன்றால், கடவுளை நினைப்பதற்குப் பதிலாகக் காலைத்தான் நினைக்க வேண்டியிருக்கும். நம்முடைய சைவக் கோயில்களில் மதியப் பூசை முடிந்ததும் நடை சாத்திவிடுவார்கள். ஆக, அவனது அரைமணி நேரத்தில் கிடைக்கப்போவது சாத்திய கதவும் இராவணன் வெட்டில் நின்று எடுத்த நான்கு புகைப்படங்களும்தான்.

திருமலையில் இரண்டு இரவுகளேனும் தங்க வேண்டும். முதல் நாள் மாலையில் பத்திரகாளி அம்பாளைத் தரிசித்துவிட்டு நகரில் உறங்கி, மறுநாள் விடியும் முன் எழுந்து, கோட்டை வாசலிலிருந்து மலைக்கு நடந்தே செல்ல வேண்டும். இருபது, இருபத்தைந்து நிமிட நடைதான். வாகனத்தில் போனால் அந்த வழி முழுவதும் கண்ணாடிக்கு வெளியே போய்விடும்.

அந்த வழியைத்தான் நான் முக்கியம் என்கின்றேன். கோட்டை வாசலில் பாண்டியரின் இரட்டைக் கயல் பொறித்த கல்லைக் காணலாம். குளக்கோட்டனின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் கல்வெட்டும் அங்குதான் இருக்கின்றது. அவை அந்தச் சுவரில் எப்படி வந்தன? 1622ஆம் ஆண்டளவில் கொன்ஸ்தந்தீனு டி சா என்ற போர்த்துக்கேயத் தளபதி கோயிலை இடித்து, அக்கற்களைக் கொண்டே கோட்டையைக் கட்டினான். பின்னர் ஒல்லாந்தர் வந்தனர், ஆங்கிலேயர் வந்தனர். பிரெட்றிக் கோட்டை என்ற பெயர் ஆங்கிலேயர் இட்டது. கோயிலுக்குள் நுழைவதாக நாம் நினைக்கும் முன்னரே, பழைய கோயிலின் கற்களைக் கடந்து விடுகின்றோம்.

மேலே கோயில் இல்லாதிருந்த முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்திலும் வழிபாடு நிற்கவில்லை என்பதே எனக்கு இக்கோயிலின் வரலாற்றில் மிகப் பெரிய செய்தி. பாறை விளிம்பில் நின்று கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, பூவைக் கடலில் தூவி வழிபட்டதை அக்காலத்து வெள்ளைக்காரரே எழுதி வைத்துள்ளனர். மறுபுறம், காப்பாற்றப்பட்ட விக்கிரகங்களை வைத்துத் தம்பலகாமத்தில் ஆதி கோணேஸ்வரம் எழுந்தது. வருகின்றவர்களில் எத்தனை பேர் தம்பலகாமத்திற்குப் போகின்றார்கள்? வயல்வெளி நடுவே உள்ள அக்கோயிலைப் பாராமல் கோணேஸ்வர தரிசனம் நிறைவுறாது என்பது என் எண்ணம். இரண்டாம் நாளை அதற்கு ஒதுக்கலாம்.

1950இல் நகரில் கிணறு வெட்டும்போது பழைய விக்கிரகங்கள் வெளிப்பட்டன. 1956இல் ஆர்தர் சி. கிளாக்கும் மைக் வில்சனும் மலையடிக் கடலில் சுழியோடி, இடிந்த கோயிலின் தூண்களையும் கற்களையும் கண்டனர். 1963இல் இன்றைய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. திருஞானசம்பந்தர் இத்தலத்தை இராமேசுவரத்திலிருந்தே பாடினார் என்பது மரபு. அவர் வராமலே பாடினார். நம்மவர் வந்தும் பாராமல் போகின்றனர்.

இனிச் சற்றுக் கசப்பான பகுதி. கோட்டை இன்றும் இராணுவத்தின் வசமே உள்ளது. போர்க் காலத்தில் அந்த வாசலைக் கடப்பதற்கு அடையாள அட்டையுடன் நின்ற வரிசைகளை நான் மறக்கவில்லை. 2009க்குப் பின் கெடுபிடி தளர்ந்தது. வார இறுதிகளில் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக மக்கள் வருகின்றனர். அதில் குறை காண்பவன் நான் அல்லன். அவர்களில் பலர் பக்தியோடு தட்டு ஏந்தி வருவதையும் கண்டிருக்கின்றேன். ஆயினும் கோயிலைச் சூழ்ந்த கடைகள் பற்றியும் தொல்லியல் திணைக்களத்தின் நடவடிக்கைகள் பற்றியும் 2022இல் எழுந்த சர்ச்சை, அந்த மலை இன்னும் எவ்வளவு பதற்றமான நிலத்தில் நிற்கின்றது என்பதைக் காட்டியது. கன்னியா வெந்நீரூற்றுகளை ஒட்டி 2019இல் நடந்தவற்றையும் வாசகர்கள் அறிவர்.

ஒரு கோயில் யாருடையது என்பதை ஆவணங்கள் மட்டும் தீர்மானிப்பதில்லை. அங்கே அதிகாலையில் யார் நிற்கின்றார்கள், அருச்சனைக்கு யாருடைய பெயர் சொல்லப்படுகின்றது, சிவராத்திரியை அடுத்துக் கோணேசர் நகர்வலம் வரும்போது யார் வாசலில் நிறைகுடம் வைக்கின்றார்கள் என்பவையும் தீர்மானிக்கின்றன. புலம்பெயர்ந்தவர்கள் அறிக்கைகளில் கையொப்பம் இடுவதில் தாராளமாக இருக்கின்றார்கள். நேரம் கொடுப்பதில்தான் கஞ்சத்தனம். அரைமணி நேரம் நின்றுவிட்டுப் போகின்றவனுக்கும் வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிக்கும், வாசலில் காவல் நிற்கும் சிப்பாயின் கண்ணில் என்ன வேறுபாடு தெரியும்?

என் சொற்கள் சற்றுக் கடுமையாக இருந்திருக்கலாம். மைத்துனன் மௌனமானான். விடுமுறை குறைவு, பிள்ளைகளுக்குக் கடல் வேண்டும், மாமியாரின் ஊர் வவுனியாவுக்கும் போகவேண்டும் என்று பின்னர் விளக்கினான். அதுவும் நியாயமே. பதினான்கு நாட்களுக்குள் ஒரு நாட்டையும் இரு குடும்பங்களையும் அடக்க வேண்டியவனின் இடர்ப்பாடு, இங்கே இருந்துகொண்டு உபதேசம் செய்யும் எனக்கு இல்லை. நிலாவெளி எங்கும் ஓடிவிடாது, அதை இரண்டாம் நாள் பிற்பகலுக்குத் தள்ளிவை என்றேன். பங்குனி உத்தரத்திற்கு வர முடிந்தால் இன்னும் நல்லது. ஆனால் பள்ளிக்கூட லீவு யூலையில்தான் வருகின்றது, என்ன செய்வது. மார்கழி விடுமுறையில் வருகின்றவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் கிழக்கில் வீதிகளும் குளங்களும் ஒன்றாகிவிடும்.

மூன்று நாள் கழித்து மீண்டும் அழைத்தான். தம்புள்ளையை வெட்டிவிட்டானாம். திருமலையில் இரண்டு இரவு. நான் சொன்னதற்காக அன்று. தாயாரிடம் திட்டத்தைச் சொன்னபோது, 1963 குடமுழுக்கிற்குத் தாம் பன்னிரண்டு வயதுச் சிறுமியாகத் தகப்பனாரின் கையைப் பிடித்துக்கொண்டு மலையேறியதை அவர் முதன்முறையாகச் சொன்னாராம். அவன் இதுவரை கேட்டதுமில்லை, அவர் சொன்னதுமில்லை.

மாமிக்கு முழங்கால் நோ. ஏற்றத்தில் முழுத் தூரமும் நடக்க இயலாது. கோட்டை வாசலிலிருந்து மேலே ஓட்டோ போக விடுவார்களா என்பதை முதல் நாள் மாலையே அங்கே விசாரித்துக்கொள்ளச் சொல்லியிருக்கின்றேன். பிள்ளைகள் நடக்கட்டும், அவர் ஓட்டோவில் வரட்டும்.

தொலைபேசியை மாமி வாங்கினார். "தம்பி, கோட்டைக்குள்ள மான் நிற்குமே, இப்பவும் நிற்குதோ?" என்று கேட்டார்.

நிற்கின்றன மாமி, என்றேன்.