மாட்டுனா போதுமா சார்?

காமர்ஸ் படிக்கிற எங்களுக்கு டிஸ்ட்ரிபியூட்டர் என்றால் கம்பெனிக்கும் கடைக்கும் நடுவில் நிற்கிறவர். சினிமாக்காரர்களுக்குப் படப்பெட்டி வாங்குகிறவர். இங்கே நான் திட்டப் போவது இவர்கள் இருவரையும் இல்லை. பெட்ரோல் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறை வைத்து மின்பொறி அனுப்புகிற டப்பாவுக்கும் அதே பெயர்தான். அதை மாற்றும்போது "எல்லாம் ஒண்ணுதான் சார், மாட்டிப் பாத்துட்டேன், கரெக்டா உக்காந்துச்சு" என்பார்களே, அந்த வசனத்தைத்தான் திட்டப் போகிறேன்.

உட்காருவது வேறு, வேலை செய்வது வேறு. அது ஏன் என்று புரிய, கொஞ்சம் பின்னால் போகணும்.

கார்புரேட்டர் வைத்த பழைய அம்பாசடரை எடுத்துக்கொள்ளுங்கள். பொறியை எவ்வளவு முன்கூட்டி விடணும் என்ற கணக்கை அதன் டிஸ்ட்ரிபியூட்டரே போட்டுவிடும். வேகம் கூடினால் விரிகிற எடைகள் உள்ளே இருக்கும், பக்கத்தில் வேக்குவம் டயாஃப்ரம் இருக்கும். சென்னை பாடியில் லூகாஸ் டிவிஎஸ் 1961-ல் தொடங்கியது இந்த மாதிரி மின்சாமான்களுக்காகத்தான். அந்தக் காலத்தில் ரோட்டர், கேப், பாயிண்ட் மாற்றி, காதால் கேட்டே செட்டிங் வைத்த மெக்கானிக்குகள் நிஜமாகவே கெட்டிக்காரர்கள். அதில் சண்டை இல்லை.

ஆனால் பெட்ரோலை ஊசி மாதிரி பீய்ச்சுகிற இன்ஜெக்ஷன் வந்ததும் கதை மாறிவிட்டது. 1998 முதல் 2003 வரை வந்த முதல் தலைமுறை ஹோண்டா சிட்டியைப் பாருங்கள். அதிலும் டிஸ்ட்ரிபியூட்டர் உண்டு, ஆனால் கணக்குப் போடுவது கம்ப்யூட்டர். அந்தக் காலத்து ஹோண்டா டி சீரிஸ் எஞ்சின்கள் பலவற்றில் இந்த ஒரே டப்பாவுக்குள் காயில், இக்னைட்டர் இரண்டும் இருக்கும். கூடவே எஞ்சின் எந்த இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சென்சார்களும் இருக்கும். அதாவது இது சரக்கு கொண்டுபோகிற ஆள் மட்டும் இல்லை, தலைமை ஆபீசுக்குத் தகவல் சொல்கிற ஆளும் இதுதான். தகவல் தப்பாகப் போனால் பொறி மட்டுமா கெடும்? பெட்ரோல் பீய்ச்சுகிற நேரமும் சேர்ந்து கெடும்.

எவ்வளவு கெடும்? எஞ்சின் 3000 ஆர்பிஎம்மில் ஓடும்போது ஒரு மில்லி செகண்டில் கிராங்க் 18 டிகிரி திரும்பிவிடும். நாலு சிலிண்டர் வண்டிக்கு அந்த வேகத்தில் செகண்டுக்கு 100 பொறி வேணும். இதில் "கிட்டத்தட்ட சரி" என்பதற்கு எங்கே இடம்? எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுக் கெடுக்கும். ராத்திரி கடலூர் - பண்ருட்டி ரோட்டில், பின்சீட்டில் பாட்டியும் குழந்தையும் இருக்கும்போது, வண்டி சொல்லாமல் கொள்ளாமல் நிற்கும். எனக்குப் பெரிய விஷயம் அதுதான்.

அப்போ எதைப் பார்த்து வாங்கணும்? முதலில் பழைய டப்பாவின் மேல் பதித்திருக்கிற நம்பர். அந்தத் தலைமுறை ஹோண்டாக்களுக்கு டெக், ஹிட்டாச்சி என இரண்டு கம்பெனிகள் டிஸ்ட்ரிபியூட்டர் செய்தன. வெளியே பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் ஒன்றின் கேப்பும் ரோட்டரும் மற்றதற்கு ஆகாது. அடுத்து கனெக்டரில் எத்தனை பின், காயில் உள்ளேயா வெளியேயா, எஞ்சின் கோட் என்ன. இத்தனையும் ஒத்துப்போன பிறகுதான் விலை. மாட்டிய பிறகு டைமிங் லைட் வைத்து, சர்வீஸ் கனெக்டரை ஷார்ட் செய்து, செட் பண்ணணும். காது இங்கே போதாது.

"பழைய வண்டிக்குப் போய் இவ்வளவு செலவா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் நான் விலை கூடியதை வாங்கச் சொல்லவில்லை, சரியானதை வாங்கச் சொல்கிறேன். சென்னை புதுப்பேட்டையில் கிடைக்கும் பழைய சாமானாக இருந்தாலும், அதே நம்பர் என்றால், சும்மா மேட்சிங் என்று வருகிற புதுசைவிட அதுவே மேல். பல சமயம் முழு டப்பாவும் தேவைப்படாது. இக்னைட்டர் மட்டும் போயிருக்கும், இல்லை ஓ ரிங் கசிந்து எண்ணெய் உள்ளே வந்திருக்கும். 2015 மழையையும் 2024 டிசம்பர் ஃபெஞ்சல் வெள்ளத்தையும் பார்த்த ஊர் இது. கேப்புக்குள் ஈரம் ஏறினாலே வண்டி திக்கும். அதைத் துடைத்துக் காயவைத்துப் பார்க்காமலே "டிஸ்ட்ரிபியூட்டர் அவுட்" என்று தீர்ப்பு எழுதுகிறவர்களை என்ன செய்ய? இத்தனைக்கும் அந்த ஹோண்டாக்களில் செக் எஞ்சின் விளக்கே கண்ணடித்துச் சொல்லும். 4, 8, 9 தடவை என்றால் சென்சார் பக்கம் கோளாறு, 15 என்றால் இக்னிஷன் பக்கம். எண்ணத் தெரிந்தால் போதும்.

தப்பு மெக்கானிக் மேல் மட்டுமா? இல்லை. இங்கேதான் எங்க பாடம் உதவுகிறது. ஒரு மெக்கானிக் ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து கோளாறைக் கண்டுபிடித்து 200 ரூபாய் கேட்டால், "பாத்ததுக்கெல்லாம் காசா?" என்று சண்டைக்குப் போகிறோம். அதே ஆள் பல ஆயிரத்துக்கு டப்பா மாற்றினால் வாயைத் திறக்காமல் கொடுக்கிறோம். அறிவுக்குக் கூலி இல்லை, சாமானுக்குத்தான் கூலி என்று மார்க்கெட்டுக்கு நாமே சொல்லிவிட்டோம். அப்புறம் அவர் சாமானைத்தானே விற்பார்?

இதோடு பில் வேண்டாம், வரி மிச்சம் என்று ஒரு சலுகை. பில் இல்லை என்றால் வாரண்டி இல்லை, நுகர்வோர் கோர்ட்டில் காட்ட ஆதாரமும் இல்லை. போலிப் பெயர் போட்டு விற்றால் 1999-ம் வருஷத்து வர்த்தகச் சின்னச் சட்டம், பிரிவு 103-ன்படி 6 மாதம் முதல் 3 வருஷம் வரை ஜெயில். பில்லே வாங்காதவர் யாரைக் கை காட்டுவார்?

அதனால் அடுத்த தடவை "கரெக்டா உக்காந்துச்சு சார்" என்று யாராவது சொன்னால், கோபப்படாமல் மூன்றே கேள்வி கேளுங்கள். பழசின் நம்பர் என்ன, புதுசின் நம்பர் என்ன, டைமிங் லைட் எங்கே? பதில் சொல்கிறவருக்குக் கேட்டதைவிட அம்பது ரூபாய் கூடவே கொடுங்கள். சொல்லாதவரிடம் சாவியைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.