அவரைக்கொடியில் அந்தப் பத்து நாள்

போன கார்த்திகையில என் அவரைக்கொடி நுனியெல்லாம் கறுப்பு அசுவினி அப்பிக்கிச்சு. தொட்டா விரல் பிசுபிசுன்னு ஒட்டும். சிப்காட்டுக்கு வேலைக்குப் போற பையன், "ஒரு டேங்க் மருந்து அடிச்சா முடிஞ்சுதுப்பா" என்றான். நான் வேண்டாம்னுட்டேன். காரணம், சில வருஷத்துக்கு முன்னாடி நான் செஞ்ச தப்பு.

அப்பவும் இதே அசுவினி. இலை மேல குட்டி முதலை மாதிரி கறுப்புப் புழுக்கள் ஊர்ந்துச்சு. இதுங்கதான் கொடியைத் தின்னுதுன்னு நினைச்சு மருந்தை ஊத்தினேன். அது பொறிவண்டோட பிள்ளைன்னு பிறகுதான் தெரிஞ்சுது. ஒரு மாசத்துல அசுவினி திரும்ப வந்துச்சு, தின்ன ஆள்தான் இல்லை.

எங்க பக்கம் அதிகமா இருக்கறது, ஆரஞ்சு முதுகுல கறுப்பு வளைகோடு ஓடுற வண்டு. புத்தகத்துல ஆறுபுள்ளிப் பொறிவண்டுன்னு பேர். எண்ணிப் பாருங்க, கணக்கு வராது. எல்லை தாண்டினா கன்னடக்காரங்க குலகஞ்சி ஹுளா என்பாங்க, அதாவது குன்றிமணிப் பூச்சி. கையில பிடிச்சா கால் மூட்டுல இருந்து நாத்தம் பிடிச்ச மஞ்சத் தண்ணி விடும். அந்தப் பளிச்சுனு இருக்கற நிறமே 'என்னைத் தொடாதே'ன்னு குருவிக்குச் சொல்றதுதான். (கத்தரி இலையைச் சுரண்டுற மங்கலான புள்ளி வண்டும் இதே குடும்பம். அது பண்ற வேலைக்கு இதுங்களும் சேர்ந்து அடி வாங்குது.)

சிக்கல் எல்லாம் நாள் கணக்குலதான். அசுவினி ஆண் துணையே இல்லாம குட்டி போடும், அந்தக் குட்டி ஒரு வாரம், பத்து நாள்ல தானும் குட்டி போடும். வண்டு அசுவினி பெருகின பிறகுதான் வரும், மஞ்சளா கொத்துக் கொத்தா முட்டை வைக்கும், அது பொரிச்சுத் தின்ன ஆரம்பிக்கணும். நடுவுல ஒரு பத்து நாள் தோட்டத்தைப் பார்க்கவே வயிறு எரியும். நாங்க மருந்து அடிக்கறது சரியா அந்தப் பத்து நாள்லதான்.

இது எங்க ஊர்க் கதை மட்டும் இல்லை. 1888-ல கலிபோர்னியா ஆரஞ்சுத் தோட்டங்களை வெள்ளைச் செதில்பூச்சி அழிச்சப்ப, ஆஸ்திரேலியாவுல இருந்து ஒரு சிவப்புப் பொறிவண்டைக் கொண்டுபோய் விட்டாங்க. ரெண்டு வருஷத்துக்குள்ள தோட்டம் தப்பிச்சுது. பிறகு நம்ம நீலகிரிக்கும் அதே வண்டு வந்துச்சு. ஆனா 1940-கள்ல அதே கலிபோர்னியாவுல டி.டி.டி. தெளிச்சாங்க, வண்டு செத்துச்சு, செதில்பூச்சி திரும்ப வந்து உட்கார்ந்துச்சு.

மருந்தை நாங்கதான் அடிக்கறோம், ஒத்துக்கறேன். ஆனா பெங்களூருக்கும் சென்னைக்கும் எடுக்கற வியாபாரி, காயில ஒரு பூச்சி தெரிஞ்சா மூட்டையையே தள்ளிடறார். கேட்டா, "டவுன்ல வாங்க மாட்டாங்கண்ணா" என்பார். அந்த டவுன் நீங்கதான். உப்பும் மஞ்சத்தூளும் போட்ட தண்ணியில அலசினா போயிடற அசுவினிக்காக, அலசினாலும் முழுசா போகாத மருந்தை நீங்க கேட்டு வாங்கறீங்க. இதுல எனக்குக் கோபம் உண்டு.

இந்தத் தடவை பன்னிரண்டாம் நாள் காலையில, பனி காயறதுக்கு முன்னாடி போய்ப் பார்த்தேன். ஒரே கொடியில ஏழு முதலைக்குட்டி. தை பிறக்கறதுக்குள்ள நுனி தெளிஞ்சுடுச்சு. ஆனாலும் முதல் பறிப்புல ரெண்டு மூட்டை திரும்பி வந்துச்சு. ஒண்ணைச் சொந்தக்காரங்களுக்குக் கொடுத்தோம், இன்னொண்ணு மாட்டுக்கு.