எத்தனை மணி நேரம் ராடு எரிப்பார்கள்?



எங்கள் திருவெறும்பூர் பக்கம் ‘15 நாளில் வெல்டர், வெளிநாட்டு வேலை’ என்று சுவரெல்லாம் நோட்டீஸ். கிரில் பட்டறையில் பத்து வருடம் இருந்தவன் நான். பைப் வெல்டிங் தெரிந்தால் கூலி கூடுமே என்று, வீட்டுக்காரியின் தோட்டை அடகு வைத்து அப்படி ஒரு மையத்தில் சேர்ந்தேன். ஒரு மிஷினுக்கு எட்டுப் பேர். ஒரு நாளைக்கு நாலு வெல்டிங் ராடு எரித்தால் பெரிது. சான்றிதழ் வந்தது, ஆனால் வேலைக்கான டிரேட் டெஸ்டில் தோற்றேன்.

அங்கே வைத்தது 6ஜி என்னும் நிலையில் பைப் வெல்டிங். பைப் 45 டிகிரி சாய்ந்து நிற்கும், அதைத் திருப்பக் கூடாது. அடியில் அண்ணாந்து தொடங்கி, இரு பக்கமும் மேலே ஏறி வர வேண்டும். ரூட் எனும் அடி இணைப்பு உருகிச் சேராத இடத்தை எக்ஸ்ரே காட்டிக்கொடுத்துவிடும். பிறகு, மூத்த வெல்டர் அண்ணன் ஒருவரிடம் துண்டுப் பைப்பில் ஐந்து மாதம் பழகித்தான் தேறினேன். இன்று கூலி இரண்டு மடங்கு.

பெல் நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் 1975 முதல் இருக்கும் ஊர் இது. இங்கேயே இப்படி என்றால் வயிறு எரிகிறது. மிஷினுக்கு எத்தனை பேர், ஆளுக்கு எத்தனை மணி நேரம் ராடு எரிக்கலாம் என்பதை நோட்டீசிலேயே அச்சிட, மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகம் கட்டாயப்படுத்த வேண்டும்.

- வாசகர், திருவெறும்பூர்