'பெயில்' ஆவது யார் பிள்ளை?

"மில்காரன் மகனுக்கும் கூலிக்காரன் மகளுக்கும் படிப்பு மண்டையில் ஏறாது. ஏறாதவனைப் பெயில் போடுவதில் என்ன தப்பு?" என்று கேட்கும் கனவான்கள் நாட்டில் ஏராளம். கேட்பதற்கு நியாயம் போலத்தான் இருக்கும். நம் தோழர்களிலேயே சிலர், "எனக்கே படிப்பு வரவில்லை, என் பையனுக்கு எங்கே வரப்போகிறது?" என்று அந்தப் பொய்யை நம்பித் தலையில் கைவைத்துக்கொள்கிறார்கள்.

இது பொய் என்று நிரூபிக்க நாம் மாஸ்கோவிலிருந்து சாட்சி கொண்டுவரப் போவதில்லை. போப்பாண்டவரின் வாசலிலேயே இருக்கும் இத்தாலி நாட்டிலிருந்தே, ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் நடத்திய பள்ளிக்கூடத்தையே கூண்டில் ஏற்றுகிறோம். கனவான்கள் குறுக்கு விசாரணை செய்து பார்க்கட்டும்!

அவர் பெயர் லொரென்சோ மிலானி. 1923-ல் பிளாரன்ஸ் நகரின் பணக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். 1947-ல் பிராட்டோ நெசவாலைகளுக்கு அருகே, கலென்சானோ என்ற ஊருக்குப் பாதிரியாராக வந்தார். அங்கே வாலிபத் தொழிலாளிகளும் விவசாயிகளும் ஒரு கூலி ஒப்பந்தத்தைப் படித்துப் புரிந்துகொள்ள முடியாமல் தவிப்பதைக் கண்டார். இராப் பள்ளி தொடங்கினார். கம்யூனிஸ்டு வாலிபர்களும் தயங்காமல் வந்து உட்கார வேண்டும் என்பதற்காக, பள்ளிச் சுவரிலிருந்த சிலுவையையே கழற்றி வைத்தார்!

மேலிடம் சும்மா இருக்குமா? 1954 டிசம்பரில் அவரை பார்பியானா என்ற மலைக் குக்கிராமத்துக்கு அனுப்பினார்கள். அங்கே மின்சாரம் இல்லை. வண்டி போகும் சாலை இல்லை. சிதறிக் கிடந்த சில குடியானவர் வீடுகள்தான் உண்டு. 1958-ல் அவர் எழுதிய நூலை விற்கக்கூடாது என்று ரோமாபுரியிலிருந்து உத்தரவு வந்தது. ஆனால் வாயை அடைக்க அனுப்பிய இடத்திலேயே அவர் பள்ளிக்கூடம் திறந்துவிட்டார்.

என்ன படித்தார்கள்?

அந்தக் காலத்து இத்தாலியில், ஐந்து வகுப்பு முடிந்ததும் பதினொரு வயதிலேயே பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தார்கள். துரைமார் வீட்டுப் பிள்ளைக்கு லத்தீன் மொழியும் மேல்படிப்பும். பாட்டாளி வீட்டுப் பிள்ளைக்குக் கைத்தொழில் பள்ளி, அல்லது நேரே வயல்காடு. 1953-ல் அப்பன் தொழிலையே பிள்ளைக்குப் பாடமாக்கத் துணிந்த ராஜாஜியின் திட்டத்தை எதிர்த்து முறியடித்த தமிழ் மக்களுக்கு இந்தச் சூழ்ச்சி புரியாதா? 1962 டிசம்பரில் வந்த சட்டம்தான் இத்தாலியில் பதினான்கு வயதுவரை எல்லோருக்கும் ஒரே பள்ளி என்றாக்கியது. சட்டம் வந்தும் ஏழைப் பிள்ளையைப் பெயில் போட்டுத் துரத்துவது நிற்கவில்லை.

பார்பியானாவில் வருஷத்தில் 365 நாளும் பள்ளி. காலை முதல் இரவு வரை பாடம். பெஞ்சு கிடையாது, பெரிய மேஜைகளைச் சுற்றி உட்கார்ந்து படிப்பார்கள், அங்கேயே சாப்பிடுவார்கள். ஒரே ஒரு பிரதிப் புத்தகத்தைச் சுற்றிப் பல தலைகள் குனிந்திருக்கும். மூத்த பையன் இளையவனுக்கு வாத்தியார். பாடத்தில் பின்தங்கியவனுக்குத்தான் அங்கே முதல் மரியாதை; அவனுக்குப் புரிந்த பிறகே பாடம் நகரும்.

பத்திரிகையை வரி வரியாகப் படித்து விவாதித்தார்கள். அந்நிய மொழிகள் கற்றார்கள். தச்சு வேலையும் இரும்பு வேலையும் பழகினார்கள். "ஐ கேர்" என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களைச் சுவரில் எழுதி வைத்திருந்தார்கள். "எனக்கு அக்கறை உண்டு" என்று அர்த்தம். "எனக்கென்ன கவலை" என்று கொக்கரித்த முசோலினியின் பாசிஸ்டுக் கூட்டத்துக்கு அது நேரடிப் பதில்!

பேனா பிடித்த குடியானவப் பிள்ளைகள்

இந்தப் பிள்ளைகளில் இருவர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளிப் பரீட்சையில் பெயிலாக்கப்பட்டார்கள். அவர்கள் அழுதுகொண்டு மாடு மேய்க்கப் போய்விடவில்லை. எட்டு மாணவர்கள் கூடி உட்கார்ந்து, சர்க்காரின் புள்ளிவிவரங்களையே எடுத்துக் கணக்குப் போட்டு, 'ஓர் ஆசிரியைக்குக் கடிதம்' என்ற நூலை எழுதினார்கள். 1967 மே மாதம் அது வெளிவந்தது. யார் பிள்ளை பெயிலாகிறான், யார் பிள்ளை மேலே போகிறான் என்பதை அப்பனின் தொழில்வாரியாக அட்டவணை போட்டுக் காட்டினார்கள். குடியானவன் பிள்ளையும் தொழிலாளி பிள்ளையுமே கூட்டம் கூட்டமாகக் கழித்துத் தள்ளப்படுவது அம்பலமாயிற்று. உலோகத் தொழிலாளர் ஒப்பந்தத்தை ஏன் பாடமாகச் சொல்லித் தருவதில்லை என்றும் ஆசிரியையைக் கேட்டார்கள். நம்மிடம் கேட்டாலும் நாம் விழிக்க வேண்டிய கேள்வி!

அவர்கள் வைத்த கோரிக்கை மூன்று: பெயில் போடாதே, பின்தங்கியவனுக்கு முழுநாளும் பள்ளி நடத்து, ஊக்கமில்லாதவனுக்குப் படிப்பின் லட்சியத்தைக் காட்டு. நூல் வெளிவந்த அடுத்த மாதமே, 1967 ஜூன் 26-ந் தேதி, மிலானி 44-வது வயதில் காலமானார்.

"ஒரு பாதிரியாரைக் கம்யூனிஸ்டுப் பத்திரிகை புகழலாமா?" என்று சிலர் கேட்கக்கூடும். மிலானி கம்யூனிஸ்டு அல்ல. கடைசி மூச்சுவரை கத்தோலிக்கர்தான். ஆனால் ராணுவத்தில் சேர்ந்து துப்பாக்கி தூக்க மறுத்தவர்களைக் கோழைகள் என்று 1965-ல் ராணுவப் பாதிரிமார் ஏசியபோது, அதற்கு அவர் எழுதிய பதிலை இத்தாலியக் கம்யூனிஸ்டுக் கட்சியின் வாரப் பத்திரிகையான 'ரினாஷிதா' வெளியிட்டது. அவர் மீதும் பத்திரிகை ஆசிரியர் மீதும் வழக்குப் போட்டார்கள். நம் தோழரும் பாதிரியாரும் சேர்ந்தே குற்றம் சாட்டப்பட்டார்கள்! உயிரோடு இருந்தபோது ஒதுக்கிய அதே திருச்சபையின் தலைவர் போப் பிரான்சிஸ், 2017 ஜூனில் அவர் கல்லறைக்கே போய் வணங்கினார். காலம் யார் பக்கம் தீர்ப்புச் சொன்னது?

நம் வீட்டு வாசலில்

இது அந்நிய தேசத்துக் கதை மட்டுமல்ல, தோழர்களே! 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்புவரை எந்தப் பிள்ளையையும் நிறுத்தி வைக்கக்கூடாது என்றது. 2019-ல் மத்திய சர்க்கார் அதைத் திருத்தியது. 5, 8 வகுப்புகளுக்குப் பொதுப் பரீட்சை என்று தமிழ்நாட்டிலும் அறிவித்தார்கள். எதிர்ப்புப் புயல் கிளம்பியதும் 2020 பிப்ரவரியில் கைவிட்டார்கள். 2024 டிசம்பரில் மத்திய சர்க்கார் மறுபடியும் கிளம்பியது: இந்த வகுப்புகளில் தவறினால் இரண்டு மாதத்தில் மறுபரீட்சை, அதிலும் தவறினால் அதே வகுப்பில் நிறுத்தலாம் என்று விதி செய்தது.

"பள்ளியை விட்டுத் துரத்தமாட்டோமே!" என்கிறார்கள். துரத்த வேண்டியதேயில்லை, ஐயா! தன்னிலும் சிறியவர்களோடு உட்கார வைத்த பிள்ளை தானே நின்றுவிடும். வக்கீல் மகன் தவறினால் டியூஷன் உண்டு. அறுவடைக்குப் போன தாயின் மகள் தவறினால் அவளுக்கு என்ன உண்டு? களையெடுப்புத்தான் உண்டு.

மில்லில் இழை அறுந்தால் அதைப் பிணைத்து ஓட்டுகிறோம். நூற்கண்டையே தூக்கி எறிவதில்லை. பயிர் வாடினால் மடையைப் போய்ப் பார்க்கிறோம், பயிரைத் திட்டுவதில்லை. பிள்ளை விஷயத்தில் மட்டும் நியாயம் மாறுமா?

"பெயில் போடாமல் தள்ளிவிட்டால் எழுத்தே தெரியாமல் எட்டாவது முடிப்பானே" என்பது மெய்யான கேள்வி. பார்பியானா அதற்குப் பதில் சொல்லிவிட்டது: பெயிலும் போடாதே, சும்மா தள்ளியும் விடாதே, கற்கும்வரை கற்றுக்கொடு! அதற்கு வாத்தியார் வேண்டும், நேரம் வேண்டும், பணம் வேண்டும். சர்க்கார் கொடுக்க வேண்டியது அதைத்தான். பெயில் என்பது காசில்லாமல் கைகழுவும் வழி.

சர்க்கார் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு இடம் பெற்றோருக்கு என்று சட்டமே சொல்கிறது. அந்த நாற்காலிகளில் போய் உட்காருங்கள். காலிப் பணியிடத்துக்கு வாத்தியார் கேளுங்கள். சங்க அலுவலகத்தில் மாலை நேரத்தில் விளக்கேற்றிப் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். பின்தங்கிய பிள்ளையை முன்வரிசையில் உட்கார வையுங்கள்.

கூலிச் சீட்டைப் படிக்கத் தெரிந்த தலைமுறையை எந்த முதலாளியும் எளிதில் ஏய்க்க முடியாது. பெயில் ஆவது நம் பிள்ளைகளா, அல்லது அவர்களைக் கழித்துத் தள்ளும் இந்த ஏற்பாடா என்பதை நாம்தான் தீர்மானிக்க வேண்டும்!