சொறிக்கெல்லாம் மனுவா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த திங்கட்கிழமை குறைதீர் நாளில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி கொடுத்த மனுவை வாங்கிப் பார்த்த அதிகாரி, “ஏம்மா, சொறிக்கெல்லாமா மனு கொடுப்பாங்க? இதனால யாரும் செத்துப்போக மாட்டாங்க” என்று சொல்லி, மனுவைத் திருப்பி நீட்டினார். துணைக்குப் போயிருந்த நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

அந்தப் பெண் சித்தாள் வேலைக்குப் போகிறவள். மகனுக்கு நான்கு வயது. அவனுக்குக் கரப்பான், டாக்டர்கள் எக்ஸிமா என்று சொல்வது. முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்புறமும் தோல் வெடித்து நீர் கசிகிறது. ராத்திரியானால் அரிப்பு கூடிவிடும். தூக்கத்திலேயே பிறாண்டி ரத்தம் வரவழைத்துக்கொள்கிறான் என்று அவன் கைகளில் பழைய சாக்ஸை மாட்டிப் படுக்க வைக்கிறாள். அதையும் பல்லால் இழுத்துக் கழற்றிவிடுகிறான். அங்கன்வாடியில் ஒட்டுவாரொட்டி என்று பயந்து அவனைத் தனியாக உட்கார வைத்திருக்கிறார்கள். இது தொற்றாத நோய் என்று அங்கே எடுத்துச் சொல்ல ஒருவரும் இல்லை.

என் பேரனுக்கும் இதே நோய்தான். என் மகன் தனியார் தோல் டாக்டரிடம் காட்டுகிறான். குளித்த ஈரம் காய்வதற்குள் பூச மாய்ஸ்சரைசர், முகத்துக்கு வீரியம் குறைந்த களிம்பு, கை கால்களுக்கு வேறு களிம்பு, எத்தனை நாளில் நிறுத்த வேண்டும் என்பதுவரை டாக்டர் எழுதித் தருகிறார். பேரன் நிம்மதியாகத் தூங்குகிறான். நாலு வீடு தள்ளி இருக்கிற பிள்ளைக்கு இது ஏன் கிடைக்கவில்லை என்றால், அவன் அம்மாவிடம் காசு இல்லை. வேறு காரணம் எதுவும் கிடையாது.

அரசாங்கத்துக்கு இந்த நோய் தெரியாது என்றாலும் பொறுத்துக்கொள்ளலாம். குழந்தைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்க 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இரு முறையும் பள்ளிகளுக்கு ஒரு முறையும் மருத்துவக் குழு வந்து பார்க்க வேண்டும். அவர்கள் பார்க்க வேண்டிய 30 குறைபாடுகளின் பட்டியலில் எக்ஸிமாவும் இருக்கிறது. குழு வந்தது, இந்தப் பையனைப் பார்த்தது, ஜி.ஹெச்.சுக்குச் சீட்டும் கொடுத்தது. அவர்கள் கணக்கில் வேலை முடிந்துவிட்டது. சீட்டோடு போன அன்று தோல் டாக்டர் இல்லை. எந்தக் கிழமை வருவார் என்று சொல்லவும் ஆளில்லை. இன்னொரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போனாள். டாக்டர் பொறுமையாகத்தான் பார்த்தார், அதை மறைக்கக் கூடாது. ஆனால் அவர் எழுதிய மாய்ஸ்சரைசர் மருந்து கொடுக்கும் இடத்தில் இல்லை. “வெளியே வாங்கிக்கம்மா” என்று அனுப்பிவிட்டார்கள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, வாஸ்தவம். போன கூலியை யார் கொடுப்பார்கள்?

கடைசியில் அவள் போய் நின்றது மெடிக்கல் ஷாப்பில். சீட்டு கேட்காமல் ஒரு ட்யூபைக் கொடுத்திருக்கிறார்கள். வாங்கிப் படித்துப் பார்த்தேன். க்ளோபெட்டசால், அதோடு ஓர் ஆன்டிபயாடிக், பூஞ்சைக்கு ஒரு மருந்து, எல்லாம் ஒரே களிம்பில். தோலில் பூசும் ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமான வகை க்ளோபெட்டசால். பூசியதும் அரிப்பு அடங்கிவிடுவதால் தாய் நம்பித் தொடர்ந்து பூசுகிறாள். சின்னப் பிள்ளைக்கு மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து வெளுத்துப்போகும், மருந்து ரத்தத்தில் கலந்து வளர்ச்சியையே பாதிக்கலாம். இவன் கன்னத்தில் இப்போதே மெல்லிய ரத்தக் குழாய்கள் சிவப்பாகத் தெரிகின்றன. ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாதென்று மத்திய அரசு 2018-லேயே அட்டவணை எச்-இல் சேர்த்தாயிற்று. எங்கள் ஊர்க் கடைகளில் அதைப் பற்றி எந்த மருந்து ஆய்வாளர் கேட்டிருக்கிறார்?

கடையிலும் கொடுக்காவிட்டால் ஏழைகள் எங்கே போவார்கள் என்று சிலர் கேட்கிறார்கள். ஆஸ்பத்திரியில் கிடைத்தால் அவள் ஏன் கடைக்குப் போகிறாள்? தேங்காய் எண்ணெய் தடவினால் போதாதா என்று மனு கொடுக்கப் போன அலுவலகத்திலேயே ஒருவர் யோசனை சொன்னார். லேசான வறட்சிக்கு அது சரி. வெடித்து நீர் வடிகிற தோலைக் கண்ணால் பார்த்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். நிதியில்லை என்ற பேச்சுக்கும் இடமில்லை. வெள்ளை பாரஃபினும் திரவ பாரஃபினும் கலந்த சாதாரணக் களிம்பு ஒன்றும் தங்க பஸ்பம் அல்ல.

2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. நானும் வாங்குகிறேன், மனதார நன்றி சொல்கிறேன். மாத்திரையோடு வாசல்வரை வருகிற அதே பெண் தன் பையில் இந்தக் களிம்பையும் கொண்டுவந்தால் என்ன? பெரியவர்களான எங்களைத் தேடி வருகிறவர்கள், நான்கு வயதுப் பிள்ளையின் தாயை மட்டும் ஏன் அலைய விடுகிறார்கள்?

புதுத் திட்டம் எதுவும் கேட்கவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாய்ஸ்சரைசர் இருப்பு வையுங்கள். தோல் டாக்டர் வரும் கிழமையை ஜி.ஹெச். வாசலில் பலகையில் எழுதிப் போடுங்கள். மருந்து ஆய்வாளரைக் கடைகளுக்கு அனுப்புங்கள். இவற்றில் எதற்கு யாருடைய உத்தரவு பாக்கி என்று மாவட்ட சுகாதார அதிகாரிகள் தங்கள் இதழிலேயே பதில் எழுதட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்
(அந்தத் தாய்க்குத் தொல்லை வரக் கூடாது என்பதால் என் பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம்.)