உருண்டைக்குள் எத்தனை அணுக்கள்? கிலோவைக் காப்பாற்றிய கணக்கு!

ஒரு மூட்டை அரிசியில் எத்தனை மணி இருக்கும்? உட்கார்ந்து எண்ண வேண்டியதில்லை. ஒரு டம்ளர் அரிசியை மட்டும் எண்ணி, மூட்டையில் எத்தனை டம்ளர் என்று அளந்து பெருக்கினால் போதும். கண்ணுக்கே தெரியாத அணுக்களை விஞ்ஞானிகள் எண்ணியதும் ஏறக்குறைய இப்படித்தான்.

அணுவை எண்ணி யாருக்கு என்ன லாபம் என்கிறீர்களா? விஷயம் எடைக்கல்லில் இருக்கிறது. 1889 முதல் உலகத்துக்கே 'ஒரு கிலோ' என்றால், பாரிஸ் அருகே செவ்ர் நகரில் பூட்டி வைத்திருந்த பிளாட்டினம்-இரிடியம் உருளைதான். அதை அதன் நகல்களோடு ஒப்பிட்டபோது, சுமார் நூறு ஆண்டுகளில் 50 மைக்ரோகிராம் அளவுக்கு வித்தியாசம் தெரிந்தது. அதாவது, ஒரு கிராமில் 20,000-ல் ஒரு பங்கு. இளைத்தது அசலா, பெருத்தது நகலா? சொல்ல வழியில்லை. கிலோ என்பதே அந்த உருளைதானே!

தேயாத அளவுகோல் ஒன்று வேண்டும். அதற்காகப் பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து ஒரு கிலோ எடையில் சிலிக்கான் உருண்டை செய்தார்கள். ரஷ்யாவில் சிலிக்கான்-28 என்ற ஒரே வகை அணுவைப் பிரித்தெடுத்தார்கள். தூய்மை சுமார் 99.99 சதவிகிதம். ஜெர்மனியில் அதைப் படிகமாக வளர்த்தார்கள். ஆஸ்திரேலியாவில் பளபளவென்று இழைத்தார்கள். விட்டம் சுமார் 9.4 சென்டிமீட்டர்.

சிலிக்கான் படிகத்தில் அணுக்கள் வரிசை பிசகாமல் அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு குட்டிப் பெட்டியிலும் 8 அணுக்கள். பெட்டியின் பக்க அளவை எக்ஸ் கதிராலும், உருண்டையின் விட்டத்தை லேசராலும் அளந்தார்கள். உருண்டையின் கன அளவைப் பெட்டியின் கன அளவால் வகுத்து, 8-ஆல் பெருக்கினார்கள். மேற்பரப்பில் படிந்த ஆக்ஸைடு, உள்ளே கலந்த கசடு எல்லாவற்றையும் கணக்கில் கழித்தார்கள்.

விடை? சுமார் 215 போட்டு, பின்னால் 23 பூஜ்யங்கள்! பிழை 10 கோடியில் ஏறக்குறைய 2 பங்குதான்.

இந்தக் கணக்கும், மின்விசையால் எடையை அளக்கும் கிபிள் தராசின் கணக்கும் ஒத்துப்போயின. 2018 நவம்பர் 16 அன்று வெர்சாய் நகரில் உலக நாடுகள் கூடி முடிவெடுத்தன. 2019 மே 20 முதல் பழைய உருளைக்கு ஓய்வு. கிலோவை இப்போது நிர்ணயிப்பது பிளாங்க் மாறிலி என்ற மாறாத எண்.

அன்றுதான் பள்ளி மாணவர்கள் மனப்பாடம் செய்யும் அவகாட்ரோ எண்ணும் நிரந்தரமானது. ஒரு மோல் என்றால் 602214076-க்குப் பின்னால் 15 பூஜ்யங்கள். கூடவும் கூடாது, குறையவும் குறையாது.

வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் இதைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 2.7 கிராம் அலுமினியத்தில் எத்தனை அணுக்கள்? எடையை அணு நிறையால் வகுக்க வேண்டும்: 2.7 ÷ 27 = 0.1 மோல். அதை அவகாட்ரோ எண்ணால் பெருக்கினால், சுமார் 6022-க்குப் பின்னால் 19 பூஜ்யங்கள் வரும்.