மலாவிக்குக் கை பழகப் போகாதீர்கள்

பிரிட்டனில் மருத்துவம் படிப்பவர்கள் படிப்பின் கடைசிக் கட்டத்தில் ‘எலெக்டிவ்’ என்று சில வாரங்கள் வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றில் பயிற்சி பெறலாம். நான் மலாவியில் ஒரு கிராமப்புற மருத்துவமனைக்குப் போனேன். “அங்கே எல்லாவற்றிலும் கை வைக்கலாம், இங்கேதான் தொடவே விடமாட்டார்கள்” என்றார்கள் கூடப் படித்தவர்கள். இன்றைய மாணவர்களும் அதையே சொல்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் கோபம் வருகிறது.

நான் போனது மழைக்காலத்தில். மலேரியா உச்சத்தில் இருக்கும் பருவம் அது. குழந்தைகள் வார்டில் ஒரே கட்டிலில் இரண்டு பிள்ளைகள். வார்டைத் தாங்கி நடத்தியவர் எம்.பி.பி.எஸ். படித்தவர் அல்ல, ‘கிளினிக்கல் ஆபீசர்’. மூன்றாண்டு டிப்ளமோவும் ஓராண்டுப் பயிற்சியும் முடித்தவர். அந்த நாட்டுக்கென்று மருத்துவக் கல்லூரி வந்ததே 1991இல்தான். மாவட்ட மருத்துவமனைகளில் சிசேரியன்களைப் பெரும்பாலும் செய்பவர்கள் இந்த ஆபீசர்களே.

எங்கள் வார்டின் ஆபீசர் குழந்தையின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்ப்பார். உட்புறம் வெளுத்திருந்தால் ரத்தசோகை; ஆய்வக முடிவு வருமுன்பே ரத்தத்துக்கு ஏற்பாடு தொடங்கிவிடும். இருப்பு இல்லையென்றால் தகப்பனோ மாமனோ ரத்தம் கொடுக்க வேண்டும். அடுத்து மலேரியாவுக்கான ஆர்ட்டிசுனேட் ஊசி. இருபது கிலோவுக்குக் குறைந்த பிள்ளைக்குக் கிலோவுக்கு 3 மில்லிகிராம், பன்னிரண்டு மணி நேரம் கழித்து மறுபடி. மூச்சு வாங்கும் பிள்ளையை எந்தக் கட்டிலில் போட்டால் நர்ஸின் பார்வையில் இருக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படிக்காத விஷயம் அது.

நோயாளிகள் தங்கள் மருத்துவக் குறிப்பைத் தாங்களே வைத்திருப்பார்கள். ‘ஹெல்த் பாஸ்போர்ட்’ என்ற சிறு நோட்டு அது, பிளாஸ்டிக் பையில் பத்திரமாகச் சுற்றியிருக்கும். ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைப் படித்துவிடுவேன். ஆனால் சிச்சேவா மொழி தெரியாததால், ஒரு தாயிடம் ஒரு கேள்வி கேட்கவும் நர்ஸ் ஒருவர் தன் வேலையை நிறுத்திவிட்டு வர வேண்டும். அந்த நேரத்தில் அவருக்காக வார்டு முழுவதும் காத்துக் கிடக்கும். சேவை செய்யப் போகிறோம் என்று கிளம்புகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதே இல்லை.

போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கற்றுக்கொள்ளப் போங்கள். லண்டனில் உங்களுக்கு அனுமதி இல்லாத சிகிச்சையை அங்கேயும் செய்யாதீர்கள். ஏழை உடம்பு பயிற்சிப் பொருள் அல்ல. ஆள் பற்றாத இடத்தில் “நீ செய்” என்று கத்தியை நீட்டினாலும், “எனக்குத் தெரியாது” என்று சொல்லும் துணிவு வேண்டும்.

பிள்ளைகளின் எலெக்டிவுக்குப் பணம் கட்டும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். ஏற்பாடு செய்து தரும் நிறுவனத்திடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: பக்கத்தில் நின்று மேற்பார்வை செய்வது யார்? நாம் கட்டும் தொகையில் அந்த மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வது எவ்வளவு? நேரான பதில் வராவிட்டால் பணம் கட்டாதீர்கள்.